ஊரைச் சிரிக்கவைத்த கேபிள்காரர்

விராலிமலைப் பக்கம் கேபிள் டிவி நடத்தியவர் அவர். அவருடைய உள்ளூர்ச் சேனலைத்தான் ஊரே பார்க்கும். பருத்த உடம்பு. பேசுகிறவர் முகத்தைப் பாராமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருப்பார்.

திருவிழாவில் என் அக்கா அருள்வந்து ஆடியதைப் படம்பிடித்து, குத்துப்பாட்டைச் சேர்த்துத் தினமும் ஓட்டினார். தெருப்பிள்ளைகள் அவளைக் கண்டதும் அப்படியே ஆடிக்காட்டினார்கள். அவள் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

“அக்கா அழுகுதுங்க. அத நிறுத்திருங்க” என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

“ஊரே சிரிக்குது தம்பி. சனங்களுக்குப் புடிச்சதத்தானே போடணும்?” என்றார்.

போன மாதம் அவர் இறந்தார். ‘கலைக் காவலர்’ என்று சாலையெங்கும் பேனர். அக்கா போய் மாலை போட்டுவிட்டு வந்தாள்.

“அவருக்கா மாலை போட்ட?”

“அவரு இல்லாட்டி நமக்குச் சீரியல் ஏதுடா? பாவம், நல்ல மனுசன்.”

அன்றைக்கு அவர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு இப்போது வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.