பின்வாசல் மண்

எங்கள் ஊரில் மண் தின்கிற பிள்ளையை யாரும் அடிக்க மாட்டார்கள். காய்ச்சலோ வயிற்றுவலியோ, கோயில் புற்றுமண்ணைத் துளி கரைத்து வாயில் ஊற்றுகிற ஊர் சங்கரன்கோவில். என் மகன் பின்வாசலில் உட்கார்ந்து மண்ணை அள்ளி வாயில் போட்டபோது பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "தின்னுட்டுப் போட்டும்மா. இந்த ஊரு மண்ணே மருந்துல்லா."

கோயில் மண் வேறு, எங்கள் பின்வாசல் மண் வேறு. என் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேட்டரிக் கடை. செத்துப்போன லாரி பேட்டரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார். கசடும் சாம்பலும் பின்வாசலிலேயே கொட்டிக் கிடக்கும். எண்பதுகளின் தொடக்கம் அது. அந்தச் சாம்பலில் விஷம் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை.

மகனுக்கு மூன்று வயது ஆகவில்லை. வாய் மூடாமல் பேசுவான். அந்தக் கோடையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுதான். உள்ளூர் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். உறவுக்காரர்கள் கண்ணேறு என்று மிளகாய் வற்றலைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். பேச்சில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் 'அப்பா' என்பதும் நின்றுபோனது. கூப்பிட்டால் பார்ப்பான், பதில் வராது. அவன் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் காலையில் இட்லி ஊட்டும்போது கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி இழுத்தது. அள்ளிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடினோம். பஸ் நின்ற ஊரிலெல்லாம் டிரைவரைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா டாக்டர் இருந்தார். வலிப்பு அடங்கியதும் பிள்ளையின் உதட்டைத் தூக்கி, ஈறோரம் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்தார். "இவன் அப்பா என்ன வேலை பாக்காரு?" என்றார். பிள்ளை சாகக் கிடக்கிறான், இவளுக்கு வேலை விசாரிப்பு ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் பேட்டரி வேலையைச் சொன்னார்.

"மண்ணு திம்பானா?"

தலையை ஆட்டினேன்.

"காரீயம் ரத்தத்துல ஏறியிருக்கும்மா. அதை இறக்க ஊசி இருக்கு, மதுரையிலிருந்து வரவழைக்கணும். ஆனா திரும்ப அந்த வீட்டுக்கே கொண்டுபோனா ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல. வேலை பாத்த துணியோட அவரும் பிள்ளையத் தூக்கக் கூடாது."

"பேச்சு வருமா டாக்டர்?"

"வரலாம். இப்பச் சொல்ல முடியாது."

அந்த 'வரலாம்' என்னைக் கொன்றது. ஊசி போடும்போதெல்லாம் பிள்ளை வாயைத் திறந்து கதறினான். அழுகைதான் வந்தது, வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பனவடலிசத்திரத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். "தொழில விட்டா சோத்துக்கு என்னட்டி செய்ய?" என்றார் வீட்டுக்காரர். "பிள்ளைய விட்டா மட்டும் சோறு இறங்குமா?" என்றேன். எங்களை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, உருக்குகிற வேலையை ஊருக்கு வெளியே பொட்டலுக்கு மாற்றினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலைச் சட்டையோடே எங்களைப் பார்க்க வந்துவிட்டார். மகன் கையை விரித்துக்கொண்டு ஓடினான். அவரும் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க! போய்க் குளிங்க!" என்று அலறினேன்.

தெருவே எட்டிப் பார்த்தது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். குளித்து, அண்ணன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பிள்ளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். மகன் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பான்.

மாசக்கணக்கில் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு குரலும் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மகன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

"அப்பா, தொடாத. போய்க் குளி" என்றான்.