களை மெஷினும் எல்லம்மாளின் காலும்

கே.ஜி.கண்டிகைப் பூந்தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் களை பறிக்கும் எல்லம்மாளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. குச்சியால் மண்ணில் நாலு தட்டுத் தட்டி வரப்புக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவாள். முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் கண்டால்தான் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். நாலு வருஷமாகச் சர்க்கரை. பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன. நெருப்பை மிதித்தாலும் தெரியாது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது, ஒரு புண் வந்தால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அந்தத் தோட்டத்துச் சாமந்தி மலைமேல் முருகனுக்குப் போகிறது. செருப்போடு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. தோட்டத்துக்குச் சொந்தக்காரி லலிதாம்பாள் கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்து மருமகள். அந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

வியாதியை வெளியே சொல்லவும் முடியாது. கூட வேலை பார்த்த, இதே வியாதிக்காரி கௌரியம்மாள் ஒருநாள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். "ஆறினப்புறம் வா" என்று லலிதாம்பாள் நல்ல மனசோடுதான் அனுப்பினாள். ஆறவில்லை, வேலையும் போனதுதான். ஆறே மாதத்தில் கால் முழங்காலோடு போயிற்று. அன்றிலிருந்து எல்லம்மாள் வாயைத் திறப்பதில்லை. கண்ணை மண்ணில் வைத்து நடப்பாள். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியருகில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, லலிதாம்பாளின் மகள் பார்கவி ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சென்னையில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறவள். மெஷின் தவலை மூடி அளவுதான். தானே ஊர்ந்து போகும். உயரமான செடி முன்தகட்டில் முட்டினால் திரும்பிக்கொள்ளும். தகட்டுக்குக் கீழே நுழைகிற குட்டைக் களையை அடியில் சுற்றும் பிளேடு சீவிவிடும். தோட்ட வேலை தெரிந்தவர் யாராவது மூன்று நாள் அதை வைத்து வேலை செய்து நல்லது கெட்டது சொல்ல வேண்டுமாம். லலிதாம்பாள் எல்லம்மாளைக் கைகாட்டினாள்.

முதல் இரண்டு நாளும் எல்லம்மாள் மெஷினுக்கு நாலு முழம் தள்ளியே நின்றாள். அது திரும்பினால் இவள் அடுத்த பாத்திக்குத் தாவினாள். 'மெஷினைக் கண்டு பயப்படுகிறார்' என்று பார்கவி நோட்டில் எழுதினாள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மெஷினைக் கண்டு பயமாம்! என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் பார்கவி, "எல்லம்மா, அசையாம நில்லுங்க. கால்ல முட்டினதும் திரும்பிடும். காலேஜ்ல நாங்க எல்லாரும் நின்னு பாத்துட்டோம்" என்றாள். காலேஜில் எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டு நின்றது அவளுக்கு உறைக்கவில்லை.

"வோணாம் பாப்பா."

"ஏன்?"

ஏன் என்றால் எதைச் சொல்வது? எல்லம்மாள் நின்றாள். மெஷின் வந்தது. தகடு புறங்கால் மேட்டில் முட்டியது. சொன்னபடியே திரும்பிப் போனது.

"வலிச்சுதா?"

"இல்ல பாப்பா."

"ஏதாவது பட்ட மாதிரி?"

"ஒண்ணும் தெரில."

சத்தியமான பேச்சு. 'ஆபத்தில்லை' என்று பார்கவி சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

எல்லம்மாள் குனிந்து பார்த்தாள். இரண்டாம் விரலடியில் மண் நனைந்து கறுத்திருந்தது. தகடு மேட்டில் முட்டுவதற்குள் தட்டையான விரல்கள் அதன் அடியில் நுழைந்துவிட்டன. யாரும் பார்க்கவில்லை. மற்றக் காலால் மண்ணைத் தள்ளி விரலை மூடினாள். வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம்.

"இப்ப நான் நிக்கறேன், போட்டோ எடும்மா" என்று கேமராவை வரப்பில் நின்ற தாயிடம் கொடுத்துவிட்டு, பார்கவி தன் வெறுங்காலை மெஷினின் வழியில் வைத்தாள்.

மெஷின் மூன்று முழத்தில் வந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்றுதான் எல்லம்மாளுக்கு முதலில் தோன்றியது. பொய் சொல்வானேன், அப்படித்தான் தோன்றியது. அதற்குள் மெஷின் இரண்டு முழத்துக்கு வந்துவிட்டது.

"கால எடு பாப்பா! அடில பூந்துகினு வெட்டுது அது!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, மெஷினை இரண்டு கையாலும் குப்புறத் தள்ளினாள்.

"உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே?" என்றாள் பார்கவி.

எல்லம்மாள் காலைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் சொட்டியது.

"ஐயோ! வலிக்கலைன்னு சொன்னீங்களே!"

"எனக்கு வலிக்காது பாப்பா. சக்கர வியாதி. நாலு வருசமா எதுவும் தெரியாது."

லலிதாம்பாள் கேமராவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவளுக்கும் கௌரியம்மாள் ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. எல்லம்மாள் அந்த முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பார்கவி அழுதுகொண்டே தண்ணீரை ஊற்றி, துப்பட்டாவால் விரலை இறுக்கி அழுத்தினாள். வலிக்கட்டும் சாமி, துளியாவது வலிக்கட்டும் என்று எல்லம்மாள் மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தாள்.

"இப்ப தெரியுதா எல்லம்மா?"

"இல்ல பாப்பா. இன்னும் அழுத்து."