வாசலை இடம் மாற்றியவர்

நாமக்கல் கடைவீதியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்முன் ஒரு வாஸ்துக்காரரை அழைத்தேன். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. டாக்டர் மாதிரி சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஊசி போடாததுதான் குறை.

"மேக்கு வாசல் உங்களுக்கு ஆகாதுங்க. கெழக்க வெச்சிருங்க" என்றார்.

கிழக்குச் சுவரை இடித்தால், செங்கல் வைத்து அடைத்த பழைய வாசல் ஒன்று நிலையோடு நிற்கிறது.

"எந்தப் புண்ணியவான் இதை அடைச்சது?" என்றேன், இடிப்பதைப் பார்க்க வந்திருந்த வாஸ்துக்காரரிடம்.

"நாந்தானுங்க, உங்கப்பா காலத்துல. அவரு ராசிக்கு மேக்குதானுங்க." முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கிளம்பும்போது திரும்பிச் சொன்னார்: "கழட்டுன மேக்கு நிலையை வித்துராதீங்க சாமி. உங்க பையன் காலத்துக்கு வேணும்."

சிரித்தேன். பிறகு நல்ல தார்ப்பாயாகப் பார்த்து மூடி, அதை மொட்டை மாடியில் பத்திரப்படுத்தினேன்.