பாலத்தடிக் குழாயின் படம்

ஸ்டுடியோக்காரர் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மூணு கிளிக்' என்று கேட்க வேண்டும். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவனைக்கூட ஒரு கிளிக்கோடு எழவிடமாட்டார். "அசையாதீங்க, இன்னும் ரெண்டு" என்பார். பழக்கதோஷம், என்ன செய்வது?

அந்தப் பழக்கம், ஓய்வு நேரத்தில் ஆற்றைப் படம் எடுக்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டது. நம் கண்ணுக்கு இருக்கிற சாமர்த்தியம் கேமராவுக்குக் கிடையாது. வானத்தைச் சரியாக எடுத்தால் மரநிழல் கரிப்பிடித்த சட்டியாகிவிடும். நிழலைச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று, நடுவாக ஒன்று, கூட்டி ஒன்று எடுப்பார். பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பார். மற்றவர்களும் இதைச் செய்கிறார்கள்தான். செய்துவிட்டு வானத்தை ஊதாவாக்கி, மரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழவைத்து, ஆற்றுக்கு மேக்கப் போட்டு அனுப்புவார்கள். இவருக்கு அது ஆகவே ஆகாது. கரையில் நின்றவன் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அதுமட்டும்தான் படத்தில் இருக்க வேண்டும். சேர்த்து முடித்த கையோடு அந்த மூன்றையும் அழித்துவிடுவார். "ஒண்ணொண்ணும் அரைகுறை. அத எதுக்கு வச்சுக்கணும்?" என்பார்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டார்? பார்த்தவர்களெல்லாம் "சாதாரணமா இருக்கே" என்றார்கள். மனைவியும் அதையேதான் சொன்னாள். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் மனுஷர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஒரே ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிப்போயிருந்தார், பாவம்.

அவருடைய அக்காவுக்கு வீடு பாலத்தைத் தாண்டி, ஆற்றோரத்தில். வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த வீடும், கிணறும், நாலு பாத்தி கீரையும்தான் அவளுக்கு எல்லாமே. கரைமேட்டில் இருக்கிற சாய ஆலை, பாலத்துக்கு அடியில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு விடியற்காலையில் கழிவைத் திறந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். அக்காவின் கிணற்றுத் தண்ணீர் மசியாகக் கறுத்துவிட்டது. கீரை கருகிற்று. அவள் கையில் தோல் உரிந்தது. புகார் கொடுத்தாள். அதிகாரிகள் வந்தார்கள், மத்தியானத்தில். காய்ந்த குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அக்கம்பக்கத்தார் செல்போனில் எடுத்த படங்களில் ஆலை தெரிந்தால் பாலத்தடி இருட்டு, குழாய் தெரிந்தால் பின்னால் ஒரே வெளுப்பு. "இது எந்த ஊர்க் குழாயோ" என்று புகார் விசாரணையில் ஆலையின் வக்கீல் சிரித்தார்.

அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"டேய், நீதான் இருட்டையும் வெளிச்சத்தையும் ஒண்ணா எடுப்பியே. எனக்கு ஒரே ஒரு படம் எடுத்துக் குடுடா. குழாயும் தெரியணும், பின்னாடி அந்த ஆலையும் தெரியணும். அந்தக் குழாய மூடலன்னா நான் அங்க இருக்க முடியாது."

எடுத்தார். சூரியன் எழும்பும் நேரத்தில், முழங்கால் சேற்றில் நின்று எடுத்தார். நிழலுக்குள் குழாயின் வாய், அதிலிருந்து கொட்டும் கருஞ்சாயம், அது வெயில் பட்ட தண்ணீரில் கலக்கிற இடம், மேலே ஆலையின் புகைபோக்கி. எல்லாம் ஒரே படத்தில். ஒரு சொட்டு நிறம்கூட அவர் கூட்டவில்லை.

அடுத்த விசாரணையில் அதிகாரி அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை வக்கீல் சிரிக்கவில்லை.

"நேர்ல நின்னு பாக்கற மாதிரியே இருக்கு. யாரு எடுத்தது?" என்றார் அதிகாரி.

'நான்தான் சார்' என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே? யார் கேட்டார்கள் மீதியை? ஆனால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை அல்லவா!

"நான்தான் சார். ஆனா இது சும்மா வந்துடல சார். கேமராவுல அப்படியே எடுத்தா இப்படி வராது. மூணு படம் எடுத்து, வானத்துக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணுன்னு..."

பக்கத்தில் இருந்த அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவருக்கு அது தெரியவே இல்லை. மேசைமேல் விரலால் வரைந்து வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

வக்கீல் மெல்ல எழுந்தார். "அப்ப இது கேமரா எடுத்த படம் இல்ல. இவர் செஞ்ச படம்."

"செஞ்சது இல்ல சார், சேர்த்தது."

"சரி, சேர்த்தது. அந்த மூணு படமும் எங்க?"

வரைந்துகொண்டிருந்த விரல் அப்போதுதான் நின்றது. "அழிச்சுட்டேன்."

அதிகாரி படத்தைக் கவிழ்த்து வைத்தார். "அப்புறம் இத நான் எப்படிங்க எடுத்துக்கறது?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இன்னொரு படம் எடுக்கலாம் என்று மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழாய் அங்கே இல்லை. ஆலைக்காரர்கள் ராவோடு ராவாக அதை நீட்டித் தண்ணீருக்கு அடியில் இறக்கிவிட்டிருந்தார்கள். இனி அது எந்தக் கேமராவுக்கும் அகப்படாது.

அக்கா தன் மகள் வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தாள். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு அவரும் போய் நின்றார். பாத்திர மூட்டையைத் தூக்கப் போனவரின் கையை அவள் விலக்கினாள்.

"அக்கா, படத்துல பொய் ஒண்ணும் இல்லக்கா."

"எனக்கா சொல்றே? நான் தினம் பாத்ததுதானேடா அது." மூட்டையை அவளே வண்டியில் ஏற்றினாள். "உனக்கு வேணுங்கற வார்த்தைய அந்த அதிகாரி சொல்லிட்டாரு. அதோட நீ எனக்காக உக்காந்திருக்கலாம்."