செப்புச் செவ்வரத்தை

ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் உலோகப் பூச் செய்யப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, புத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பூவில் பெரிய ஆசை என்றில்லை. கணவர் பென்சன் எடுத்த நாளிலிருந்து நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். கிழமைக்கு ஒரு நாளாவது தப்பவேண்டும், அவ்வளவுதான்.

பழக்குகிற பிள்ளைக்கு என் மகளின் வயது. மெல்லிய செப்புத் தகட்டில் இதழை வெட்டி, காஸ் அடுப்பில் சூடாக்கி ஆறவிட்டு, மணல் பையில் வைத்துச் சுத்தியலால் தட்டவேண்டும். தட்டத் தட்ட இதழ் வளையுமாம். என்னுடையது கிழிந்தது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை.

"அன்ரி, தகட்டோடை கோவிக்காதேங்கோ," என்றாள் அந்தப் பிள்ளை. "மெல்லத் தட்டுங்கோ, வரும்."

எத்தனையோ தகட்டைப் பாழாக்கி, கடைசியில் ஒரு செவ்வரத்தை வந்தது. ஐந்து இதழ், நடுவில் நீட்டிக்கொண்டு ஒரு கம்பி. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கணவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"உதென்ன, அகப்பையோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண் தெரியேல்லையோ? செவ்வரத்தம்பூ."

"ஆராவது ஒரு ஆள் உதைப் பூ எண்டு சொல்லட்டும். ஒரு மாதத்துக்குக் காலமைத் தேத்தண்ணி நான் போடுறன்."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசன். விடுவேனா? சிவப்புப் பெயின்ற் வாங்கிப் பூசினேன். கீழே வைத்தால் ஒட்டிவிடும் என்று, வேலியோரச் செவ்வரத்தை மரத்தின் கிளையில் கம்பிக் காம்பைக் கொளுவிக் காயவிட்டேன்.

விடியப் பார்த்தால் பூவைக் காணவில்லை. மரத்திலிருந்த மற்றப் பூக்களும் இல்லை.

யார் வேலை என்று யோசிக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்கா நிலம் வெளிக்க முன்னமே பூக்கூடையோடு வேலியடிக்கு வந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் சாமிக்குப் பிடுங்குகிற பூவைக் களவு என்று யாரும் சொல்வதில்லை. முந்தி எழும்பினவருக்குப் பூ. இவ்வளவு காலமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு முடியவில்லை. முருங்கைக்காய் கொடுக்கிற சாட்டில், கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

சாமியறை வாசலிலிருந்தே தெரிந்தது. பிள்ளையாரின் தலையில் என் பூ. சுற்றியிருந்த பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. என்னுடையது மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, நடுவிலை இருக்கிற பூ நல்ல வடிவு," என்றேன். "எங்கை பிடுங்கினனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார், எங்கள் வேலியைப் பார்த்தார்.

"வேறையெங்கை பிள்ளை? எங்கடை வளவிலை பூத்ததுதான்."

கணவர் வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

என் பூவைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அது பழையபடி தகடாகிவிடும். பிள்ளையாரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்படியொரு சந்தோசம்.

"வளவிலை பூத்ததாம். கேட்டனீங்களோ?" என்றேன் படலையைச் சாத்தும்போது.

அடுத்த நாள் காலை தேத்தண்ணி வந்தது. தேயிலைச் சாயம் கசந்தது, சீனியும் போடவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நாளைக்கும் இப்படியே போடுங்கோ," என்றேன்.