ஒரு வீட்டுக் கொசுக்கள் மட்டும்

திருச்செங்கோட்டில் ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டுக் கொசுக்கள் மட்டும் மருந்துக்குச் செத்தன. அக்கம்பக்கத்து வீட்டுக் கொசுக்கள் சாகவில்லை. கேட்பவர்களுக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றும். என்னை அது பயமுறுத்தியது.

சேலத்தில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. டெங்குவைப் பரப்பும் வகைக் கொசுக்கள் அங்கே வலைக்கூண்டுகளில் இருக்கும். அவற்றில் ஒரு கூண்டு தனி. அதிலிருந்தவை பல தலைமுறைகளாக அந்த அறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. நோய்க்கிருமி கிடையாது, எந்தப் பூச்சிமருந்தும் அவற்றின் மேல் பட்டது கிடையாது. மருந்து தடவிய காகிதத்தைச் சுற்றிய குழாய்க்குள் விட்டால் சற்று நேரத்தில் மல்லாந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவரும் கொசுக்களை இவற்றோடு ஒப்பிட்டுத்தான், தெருவில் அடிக்கும் புகைமருந்துக்கு இன்னும் வலு இருக்கிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் வலு இல்லை. ஊர்க் கொசுக்கள் குழாய்க்குள் விழுந்து, கொஞ்ச நேரம் கிறங்கிக் கிடந்துவிட்டு, எழுந்து பறக்கும்.

ஊருக்குள் போய் முட்டை சேகரிப்பது என்னுடன் வேலை பார்த்தவரின் பொறுப்பு. எருமப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். அந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்கு இயல்பாக வரும். ஆத்தூர்க்காரியான நான் வாயைத் திறந்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும். வீட்டு வாசலிலோ கொல்லையிலோ ஒரு கறுப்பு டப்பாவில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு காகிதப் பட்டையைச் செருகி வைத்துவிட்டு வருவார். கொசு வந்து பட்டையில் முட்டையிடும். முட்டை பொரிந்து புழு பெரிதாவதற்கு முன்பே டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். முட்டையைப் பொரிக்கவைத்து, கொசுவாக வளர்த்து, குழாயில் சோதிப்பது என் வேலை.

அந்த வீடு ஒரு ரிக் வண்டிக்காரருடையது. அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியோடு வருஷத்தில் பாதி நாள் வடமாநிலங்களில் இருப்பார். வீட்டில் மனைவி மட்டும். அந்த அக்கா டப்பா வைக்கச் சம்மதிக்கவே இல்லை என்று என் சகா இரண்டு முறை சொல்லியிருந்தார். பிறகு ஒருநாள் அந்த வீட்டுப் பட்டையையும் சேர்த்துக் கொண்டுவந்தார். எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "குடுத்துட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பட்டையில் வளர்ந்த கொசுக்கள்தான் குழாய்க்குள் கொத்தாகச் செத்து விழுந்தன. எங்கள் தனிக் கூண்டுக் கொசுக்கள் விழுவது போலவே.

என் மனம் உடனே அங்கேதான் போனது. அந்த வீட்டில் முட்டை கிடைத்திருக்காது. கணக்குக் குறையக் கூடாதென்று தனிக் கூண்டிலிருந்து கொஞ்சம் முட்டையை எடுத்துப் பட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வளர்ப்பு அறைச் சாவி அவரிடமும் இருந்தது. எங்கள் துறையில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஒரு பட்டை பொய்யென்றால் அவர் அதுவரை கொண்டுவந்த எல்லாப் பட்டைகளும் பொய்யாக இருக்கலாம். என் மூன்று வருஷ உழைப்பு அந்தப் பட்டைகளின் மேல்தான் நின்றது.

எங்கள் பேராசிரியரிடம் போனேன். அவர் முடிவுகளை வரிவரியாகப் பார்த்தார். யாரிடமும் பேச வேண்டாம், இன்னொரு முறை அதே வீட்டில் டப்பா வை, இந்த முறை அவர் இல்லாமல் வை என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தையும் கவனித்துப் பார்த்தார். குழாய் மாறிப்போயிருந்தால் அது என் கைப்பிசகு என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் எல்லாமே மாறிவிட்டது. என் சகா கூண்டறைக்குள் போனால் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்று என்னையறியாமல் கவனித்தேன். என் பைக்குள் எதையாவது வைத்தால் அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவரும் முன்போல மதியச் சாப்பாட்டுக்கு என் மேசைக்கு வரவில்லை. அதுவே எனக்கு இன்னொரு சாட்சியாகத் தோன்றியது.

அவர் ஒரு கல்யாணத்துக்காக விடுப்பில் போன நாளில் திருச்செங்கோடு பஸ் ஏறினேன். அந்த அக்கா கம்பிக் கதவைத் திறக்காமலேயே பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்களே கொசுவ வளத்து ஊருக்குள்ள உடறீங்கன்னு பேசிக்கறாங்களே, நெசங்களா?"

இல்லை என்று விளக்கினேன். டப்பாவைத் திறந்து காட்டினேன், தண்ணீரைக் காட்டினேன், பட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் பட்டையை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். போன தடவை எங்கள் ஆள் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வெச்சாப்ல. எடுத்துட்டுப் போனத நான் பாக்கலீங்களே."

எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுதியானது. கடைசியில் அரைமனதோடு கொல்லைப்புறக் குழாயடியில் டப்பா வைக்க விட்டார். நான் வந்துபோனதை எங்கள் ஆளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் தெருமுனை திரும்பும்வரை அவர் கதவருகிலேயே நின்றார்.

நாலைந்து நாள் கழித்து நானே போய் எடுத்து வந்தேன். பட்டையில் கசகசாவைவிடச் சின்னதாகக் கறுப்பு முட்டைகள் அப்பியிருந்தன. அவற்றை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. நாமக்கல்லில் வேறொரு கல்லூரியில் இருந்த தோழியிடம் கொடுத்து அங்கே வளர்க்கச் சொன்னேன். அவளும் காரணம் கேட்டாள், நான் சொல்லவில்லை. கொசுக்கள் வளர்ந்ததும் நானே போய்ச் சோதித்தேன். மறுபடியும் செத்தன.

நியாயமாக அப்போதே என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். டப்பாவை வைத்ததும் எடுத்ததும் நான், முட்டையை வளர்த்தது வேறிடத்தில். ஆனால் சந்தேகம் வேறு வழி தேடிக்கொண்டது. என் சகா எப்போதோ அந்த வீட்டில் எங்கள் கொசுக்களைக் கொண்டுபோய் விட்டிருந்தால்? வேண்டுமென்றே இல்லாவிட்டாலும், முட்டை ஒட்டிய பட்டையை அங்கே தவறவிட்டிருந்தால்? அப்படியானால் தெருக்காரர்கள் பேசிக்கொள்வது உண்மை. நாங்கள்தான் கொசு விட்டிருக்கிறோம். இதை நினைத்ததும் பேராசிரியரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன்.

வேறு ஏதாவது தடயம் கிடைக்குமா என்று மூன்றாம் முறை நான் போனபோது தெருவில் கூட்டம். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குக் காய்ச்சல், டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் கறுப்பு டப்பாக்களை எல்லா வீட்டிலிருந்தும் எடுத்துத் தெருவில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த அக்காதான் பேசினார். "அந்தத் தம்பி ரெண்டு நாளைக்கு முந்தி வந்தாப்ல. எங்கூட்டுல டப்பா வெச்சுப்போட்டு, மேடத்துகிட்டச் சொல்லாதீங்கன்னாப்ல. அதுக்கு முந்தி நீங்க வந்து, அவருகிட்டச் சொல்லாதீங்கன்னீங்க. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து டப்பா வெச்சா நாங்க என்னன்னு நெனைக்கறதுங்க?"

அவரும் வந்தாரா? எனக்குத் தெரியாமல் ஏன் வர வேண்டும்? அத்தனை பேர் முன்னால் நின்றபடியே நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேசினேன். டப்பாவில் புழு கொசுவாவதற்கு முன்பே நாங்கள் எடுத்துவிடுகிறோம், காய்ச்சலைப் பரப்பும் கொசு ஏற்கெனவே கிருமியுள்ள ஒருவரைக் கடித்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். ஒரு நாள் எடுக்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மறந்ததில்லை என்று மட்டும் சொன்னேன். யார் வீட்டிலாவது தண்ணீர் தேங்கி நிற்கிறதா பார்க்கலாமா என்று நான் கேட்டதும் அந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கூட்டுல ஒரு பொட்டுத் தண்ணி நிக்காதுங்க. வந்து பாத்துப்போட்டு அப்பறம் பேசுங்க."

பார்த்தேன். சொன்னது போலவே வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கொல்லைக் கதவைத் தாண்டினால் ஒரு காலி இடம். அங்கே ரிக்கோடு கூடவே போகும் சாமான் லாரி நின்றது. பழுது பார்ப்பதற்காக மழைக்கு முன்பே சத்தீஸ்கரிலிருந்து திரும்பிய வண்டி. பின்பக்கத்தில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் வாய் திறந்து நின்றன. காட்டுக்குள் தோண்டும்போது ஆட்களுக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளும் டிரம்கள். அந்த அக்கா அதை வீட்டில் சேர்த்தி என்று எண்ணவில்லை, அது வண்டி.

மேலே ஏறிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் முக்கால்வாசி நின்றது, உள்ளே புழுக்கள் நெளிந்தன. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, டிரம்மின் உட்சுவரில், கறுப்பாக ஒரு வளையம் ஓடியது. முட்டைகள். இந்தக் கொசுவின் முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். எங்கேயோ புகைமருந்து அடிக்காத ஒரு காட்டோரத்தில் இட்ட முட்டைகள் லாரியேறி இங்கே வந்திருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புழுக்களை ஒரு பாட்டிலில் எடுத்தேன். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத நீங்க கொண்டு போயி என்ன வேணாலும் சொல்லுவீங்க. பாதி இங்க இருக்கட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு கண்ணாடி ஜாடியில் பாதிப் புழுக்களை விட்டு, வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி, துணியை அவிழ்க்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். டிரம்களில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டச் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். அன்று சாயங்காலம் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பயத்தையும் சேர்த்து. டிரம்மில் எடுத்த கொசுக்களும் மருந்துக்குச் செத்தன. அவற்றையும் அந்த வீட்டுக் கொசுக்களையும் எங்கள் கூண்டுக் கொசுக்களையும் வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தோம். டிரம்மும் வீடும் ஒரே கூட்டம். எங்கள் கூண்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, அந்தத் தெருவின் மற்றக் கொசுக்களுக்கும் இல்லை.

அந்த முடிவு வந்த பிறகு நானும் என் சகாவும் ஒன்றாகவே திருச்செங்கோடு போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் நின்றோம். அவர் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க என்னையச் சந்தேகப்பட்டீங்கன்னு தெரியுமுங்க. நானும் உங்களத்தான் நெனச்சேன்."

முதல் முடிவு வந்ததுமே, நான்தான் தனிக் கூண்டுக் கொசுக்களை அந்த வீட்டுப் பெயர் எழுதிய குழாயில் விட்டுவிட்டேன் என்று அவர் எண்ணியிருக்கிறார். முதலில் கைத்தவறுதல் என்று. பிறகு நான் பேராசிரியரின் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதைப் பார்த்ததும், தன்னை வேலையை விட்டு அனுப்புவதற்காக வேண்டுமென்றே செய்தேன் என்று. அதனால்தான் தானே தனியாக ஒரு டப்பா வைத்து வேறிடத்தில் சோதிக்கப் பார்த்திருக்கிறார். முதல் டப்பாவை எடுத்த அன்று அந்த அக்கா கோயிலுக்குப் போயிருந்தாராம். பக்கத்து வீட்டுப் பெண்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். டீக்காசை யார் கொடுப்பது என்று அன்றைக்கு இரண்டு பேருமே ரொம்ப மரியாதையாகத் தகராறு செய்தோம்.

டெங்கு வந்த அந்தப் பெண் குணமாகி வீடு திரும்பினாள். அவளைக் கடித்தது எந்தக் கொசு என்று எந்த ஆய்வுக்கூடத்தாலும் சொல்ல முடியாது. டிரம்மிலிருந்து வந்ததா, தெருவின் பழைய கொசுவா, கல்லூரியில் கடித்ததா, தெரியாது. அதைத்தான் தெருவிலும் சொன்னோம். சிலர் நம்பினார்கள்.

அந்த அக்காவின் ஜாடியில் புழுக்கள் கொசுவாகி, துணியில் மோதி மோதிச் செத்துக் கிடந்தன. அவர் அதைத் தினமும் பார்த்திருக்கிறார். ஆனாலும், "எங்க வண்டி மேல பழியப் போடறதுக்கு உங்களுக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். எங்கேயாவது எழுதினால் ஊட்டுக்காரர் பேரையும் வண்டி நம்பரையும் போடக் கூடாது என்றார். போடமாட்டோம் என்று சொல்லி, போடவும் இல்லை. நாங்கள் ஒன்றாகப் போன அன்றே டிரம்களைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தார். அவர் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, அக்கட்டால நில்லுங்க என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

அவர் கணவர் இப்போதும் வண்டியோடு வடக்கே போகிறார். போன மாதம் அவர் எண்ணிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. காட்டுக்குள் ஓரிடத்தில் லாரி நிற்கிறது, டிரம்களுக்கெல்லாம் மூடி போட்டிருக்கிறது. கீழே, போதுமா மேடம் என்று எழுதியிருந்தார். நன்றி என்று பதில் போட்டேன். அப்புறம் படத்தை விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு மூடியாகப் பார்த்தேன். மூலையில் இருந்த ஒன்று சரியாக மூடியிருக்கிறதா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை. என் சகாவுக்கு அனுப்பிக் கேட்டேன். அவரும் உறுதியாகச் சொல்லவில்லை.