சத்தக்கா படித்த ஆறாம் பக்கம்

நகராட்சியில் இளநிலை உதவியாளராக நான் சேர்ந்த முதல் நாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சட்டைப் பையில் புதுப் பேனா. நடைகூடத்தில் ஓர் அம்மா அறிவிப்புப் பலகையில் விரலை ஓட்டி, டெண்டர் விவரத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா படிச்சுக் காட்டுறீங்க?"

"எனக்குத்தான் தம்பி. வாய் படிச்சாத்தான் மண்டைக்குள்ள ஏறுது."

பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் என் காலை மிதித்தார். அந்த அம்மா கவுன்சிலராம். ஆபீசில் வைத்த பெயர் சத்தக்கா.

சந்தையில் காய்கறி விற்றவர். நாற்பது வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகினார். அந்தக் காலத்தில் சந்தைப் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது; பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமலே வியாபாரம் பார்ப்பார்களாம். இவர் மனு மேல் மனு எழுதி ஒன்றைக் கட்ட வைத்தார். அந்தப் பெண்களே இவரைத் தேர்தலில் நிறுத்தி ஜெயிக்கவும் வைத்தார்கள்.

எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தர் தீர்மானத் தாள்களை மேஜையில் வைத்து, "படித்ததாகக் கொள்ளலாமா?" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். டீ வந்துவிடும். அன்று நானும் ஓரமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இவர் மட்டும், "நான் இன்னும் படிக்கலையே" என்றார்.

"மனசுக்குள்ள படிங்கக்கா. எப்படியும் விடியறதுக்குள்ள முடிச்சிருவீங்க" என்றார் பக்கத்து வார்டுக்காரர். ஒரே சிரிப்பு.

"அது தெரிஞ்சா உங்க காதை ஏண்ணே குடையப்போறேன்? கொஞ்சம் பொறுத்துக்குங்க."

எழுத்தெழுத்தாகப் படித்தார். டீ ஆறிப்போனது. ஆறாம் பக்கத்தில் வாகன நிறுத்தம் பற்றிய பத்தி. "இடையூறாக உள்ள சந்தைக் கழிப்பறையை அகற்றி..." அதே வரியை மறுபடியும் படித்தார்.

கேலி செய்தவரின் தங்கையும் சந்தையில்தான் கடை போட்டிருந்தார். "இது எப்பங்க உள்ள வந்துச்சு?" என்று தலைவரைப் பார்த்தார் அந்த வார்டுக்காரர். தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார்.

சத்தக்கா அங்கேயே உட்கார்ந்து எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். நான்கு வரிக்கு இருபது நிமிடம், இரண்டு எழுத்துப்பிழை. திருத்தச் சொல்லி என் பட்டதாரிக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். கீழே பதினொரு கவுன்சிலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பத்தி அடித்து நீக்கப்பட்டது.

இப்போது அவர் இரண்டாம் முறையாகக் கவுன்சிலர். சந்தைக்குப் பின்தெருவில், மகள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்.